கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி

(க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஹட்டனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 கதிரை கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் அம்மாமாரே, அரைநாள் சம்பளமான அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்த அரைப்பேரின் பெறுமதி எனக்குத் தெரியும். அதற்கு ஈடாக ஏதாவது சொல்லித்தான் உங்களை அனுப்ப வேண்டும்.

தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்த காலம் முழுவதும் பெற்றோர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். "சேர், இவன் எந்த நேரமும் படம் கீறிக்கிட்டே இருக்கான், இவனுக்குப் படிப்பு ஏறாதா?" "இவளுக்குப் பாட்டுப் பைத்தியம் சேர், நீங்களாவது சொல்லுங்க." "பெரட்டுக் களத்துல மட்டையைப் புடிச்சான்னா இருட்டுற வரைக்கும் வர மாட்டேங்கிறான்." கோபம் மாதிரித் தெரியும். உள்ளே இருப்பது பயம். பிள்ளை தன்னைப் போலவே கூடையோடும் மட்டக் கத்தியோடும் நின்றுவிடக் கூடாதே என்கிற பயம்.

பிள்ளைகள் தனியாக வந்து கேட்கும் கேள்வி வேறு. "எனக்குப் பிடிச்சதையே செய்து முன்னுக்கு வர ஏலுமா சேர்?"

ஏலும். அதை இந்த மலையில் வாழ்ந்து காட்டியவர்களை வைத்தே சொல்கிறேன். ஆனால் இப்போது போனைத் திறந்தால் வேறொரு உபதேசம் கேட்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிடு, உன் ஆசையின் பின்னால் போ, உலகம் உன் காலடிக்கு வரும் என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் மலையில் வென்றவர்களில் பெரும்பாலானவர்கள் எதையும் விட்டுவிட்டுப் போனவர்கள் அல்ல. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலையைச் செய்துகொண்டு, விருப்பமான வேலையை அதன் பக்கத்தில் வைத்து, வருடக்கணக்கில் கைவிடாமல் செய்தவர்கள். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மலையகத்தில் வெற்றி என்றதும் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது முத்தையா முரளிதரன் பெயர். அவரிலிருந்தே தொடங்குவோம். அவருடைய தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். முரளி பிறந்தது 1972இல் கண்டியில். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படிக்கும்போது அவர் சுழற்பந்து வீச்சாளர் அல்ல, மிதவேகப் பந்து வீச்சாளர். பதினான்கு வயதில்தான் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். உங்களைவிடவும் சின்ன வயது, யோசித்துப் பாருங்கள். தான் விரும்பிச் செய்துகொண்டிருந்த ஒன்றை விட்டுவிட்டு, இன்னொருவர் கண்டு சொன்ன ஒன்றை எடுத்துக்கொள்ள அந்த வயதில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? 1992இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கொழும்பு கெத்தாராமவில் அவர் முதல் டெஸ்ட் ஆடினார். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் தம் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார்.

இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில் அவருடைய குடும்பத்தின் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அப்போது அவருக்கு ஐந்து வயது. 1995இல் மெல்பேர்னில், ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, பந்தை எறிகிறார் என்று நடுவர் அவரைத் திரும்பத் திரும்ப நிறுத்தினார். பிறவியிலேயே முழங்கையை முழுதாக நீட்ட முடியாத கை அது. அதே கையோடு மறுபடி மறுபடி பரிசோதனைக்குப் போய் நின்று, மறுபடி வந்து பந்து வீசினார். திறமை அவருக்கு இருந்தது. அதைவிட அந்தத் திரும்பி வரும் குணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு நியாயம் இருக்கிறது. முரளிக்கு நல்ல பாடசாலை இருந்தது, பிஸ்கட் தொழில் செய்யும் தகப்பன் இருந்தார், புல் வெட்டிய மைதானம் இருந்தது. சாமிமலையிலோ பொகவந்தலாவையிலோ பத்தடி பன்னிரண்டடி லயக் காம்பிராவில் ஆறு பேரோடு படுத்து எழும்பும் பிள்ளைக்கு முரளியைக் காட்டி "பார், நீயும் அப்படி வா" என்றால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். ஆகவே லயத்துக்கு இன்னும் கிட்ட வருவோம்.

சாரல்நாடன் என்று ஒருவர் இருந்தார். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். சரி, பரவாயில்லை. தெரியாமல் போனது உங்கள் பிழை அல்ல, எங்கள் பிழை. 1944இல் பிறந்தவர், 2014இல் காலமானார். இயற்பெயர் நல்லையா. அவர் பார்த்த உத்தியோகம் டீமேக்கர். அதாவது இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் இஸ்டோரின் புகைபோக்கியைத் தினமும் பார்த்துக்கொண்டு உள்ளே ஒருநாளும் போகாத பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் அம்மா ஆய்ந்த பச்சைக் கொழுந்து லொறியில் ஏறி வந்து இஸ்டோரில் நிறுக்கப்படும். பிறகு நீளமான தட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். பன்னிரண்டு மணித்தியாலம் ஆகலாம், பதினெட்டும் ஆகலாம். மழை பெய்தால் ஒரு கணக்கு, காற்று அடித்தால் ஒரு கணக்கு. வாடிய கொழுந்து நடுச்சாமத்திலோ விடியப்புறத்திலோ உருட்டும் இயந்திரத்துக்குப் போகும். நசுங்கிய இலையைப் பரப்பி நிறம் மாற விடுவார்கள். பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும். எப்போது போதும் என்று சொல்வது டீமேக்கரின் கண்ணும் மூக்கும்தான். பத்து நிமிடம் முந்தினால் தேநீரில் பச்சை வாடை, பிந்தினால் சாரம் இல்லை. பிறகு சூட்டில் காய வைத்து, சல்லடையில் தரம் பிரிக்க வேண்டும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாக இறங்கும். பிழைத்தால் தோட்டத் துரையிடம் பதில் சொல்ல வேண்டியவர் டீமேக்கர். ராத்திரித் தூக்கம் என்பது அந்த உத்தியோகத்தில் உத்தரவாதமான பொருள் அல்ல.

இந்த உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாரல்நாடன் மலையகத்தின் வரலாற்றைத் தேடினார். பல்கலைக்கழக நாற்காலியோ ஆய்வுக்கென்று சம்பளமோ அவருக்கு இல்லை. அவர் தேடிய மனிதர்களில் ஒருவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தியவர். தோட்டத்துக்குள் வெளியாளை விடாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தார் என்று சொல்லப்படுபவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் அமைத்தார். 1936இலிருந்து இதே ஹட்டன் தொகுதிக்கு அரசாங்க சபையில் உறுப்பினர். 1947இல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு என்ன நடந்தது? மறந்தோம். இந்த ஊரில் நின்று பேசிய மனிதரை இந்த ஊரே மறந்தது. நாற்பது வருடம் கழித்து, 1988இல், 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற புத்தகம் வந்தது. எழுதியவர் சாரல்நாடன். நடேசய்யரைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

அது எப்படி ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய பத்திரிகை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அதைக் கையால் பிரதி எடுக்க வேண்டும். விவரம் தெரிந்த முதியவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். லீவு கிடைக்கும் நாட்களில்தான் இவ்வளவும். ஆர்வம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் உற்சாகத்தைத்தான். உற்சாகம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். சாரல்நாடனிடம் இருந்தது பிடிவாதம். தீபாவளி முற்பணத்தில் புத்தகம் வாங்குகிற, யாரும் கேட்காவிட்டாலும் குறிப்பெடுத்து வைக்கிற பிடிவாதம் உள்ளவர்களுக்குத்தான் இந்த மாதிரி வேலை கைகூடும்.

அடுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் தலவாக்கலைப் பக்கம் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தார். ஆசிரியராக இருந்தார், தொழிற்சங்கத்தில் வேலை செய்தார், 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. தொடர்ந்து வந்த சட்டங்களில் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவரைத் தெரிவு செய்த மக்களுக்கு ஓட்டே இல்லை. பதவி போன மனிதர் என்ன செய்தார்? எழுதினார். தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதினார். அதைச் சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். தமிழில் நாவல்கள் எழுதினார், தோட்டத்து மனிதர்களைச் சித்திரங்களாக எழுதினார்.

அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. கொழுந்து ஆயும்போது, பிள்ளையைத் தாலாட்டும்போது, எழவு வீட்டில், கும்மியில் தோட்டத்துப் பெண்கள் பாடிய பாடல்களைக் கேட்டுச் சேகரித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பாடல்கள். அதெல்லாம் ஒரு பாட்டா என்று பலர் ஒதுக்கிய பாடல்கள். 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று அவை புத்தகமாயின. அடுத்த வருடம் அவர் காலமானார். அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பாடல்களில் பல அந்தப் பாட்டிமாரோடு போயிருக்கும்.

பிள்ளைகளே, இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? உங்களில் பலர், கொழும்புக்குப் போனால்தான் ஆரம்பிக்கலாம், நல்ல கெமரா கிடைத்தால்தான் ஆரம்பிக்கலாம், வகுப்புக்குக் காசு சேர்ந்தால்தான் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். சி.வி.க்கு வேண்டிய மூலப்பொருள் அடுத்த காம்பிராவில் இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான். மாசி மாதத்தில் உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுகிறார்களா? ரதி மதன் வேடம் கட்டுகிற அண்ணனுக்குப் பாட்டு முழுவதும் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறீர்களா? தப்பு அடிக்கிற தாத்தா சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு வேறோர் அடி என்று மாற்றுகிறாரே, அதை யாராவது முறையாகப் பதிந்து வைத்திருக்கிறீர்களா? பாட்டில் விருப்பம் உள்ள பிள்ளை அதைப் படிக்கட்டும். படம் கீறுகிற பிள்ளை, மலைச்சரிவில் கொழுந்து ஆய்பவர்களின் முதுகைக் கீறிப் பழகட்டும். படங்கு கட்டிய இடுப்பு, கயிறு நெற்றியில் அழுந்திய அடையாளம், கூடையின் கனத்துக்குச் சற்று முன்னால் சாயும் உடம்பு. உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற படங்களில் இந்தக் கனம் இருக்காது. அந்த உடம்போடு வளர்ந்த உங்கள் கையால்தான் அதைக் கீற முடியும்.

இப்போது ஆசிரியர்களைப் பார்த்துக் கொஞ்சம் பேசுகிறேன். ஒரு பிள்ளையின் விருப்பம் தானாக வெளியே வராது. யாராவது ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும். 1960களில் வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் என்ற பத்திரிகையாளர் மலையகத்துக்கென்று ஒதுக்கிய 'தோட்ட மஞ்சரி' பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. தோட்டப் பாடசாலை வாத்தியார்கள், கணக்கப்பிள்ளைமார், இளைஞர்கள் என்று எழுதுகிற ஆசையை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அனுப்ப ஒரு முகவரி கிடைத்தது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. பத்திரிகையில் ஒரு பக்கம், சில போட்டிகள், ஒரு புத்தகம். செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. மலையகச் சிறுகதை என்று இன்று நாம் பெருமையோடு சொல்வதில் ஒரு பெரும் பங்கு அந்தக் கதவு வழியாக வந்தது.

அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் பதுளை மாவட்டத்தில் தோட்டமொன்றில் பிறந்தார். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தபோது எழுத ஆரம்பித்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சையில் ஊர் எது என்று கேட்டால் "ஹட்டன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர் தோட்டத்தை முன்னால் போட்டார். பிறகு கொழும்புக்குப் போய் ஒரு கம்பனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவல் வந்தது. 1975இல் வெளியான மலையகப் படமான 'புதிய காற்று'க்கு வசனம் எழுதினார். தம் கதைகளோடு நிற்காமல் மற்றவர்களின் கதைகளையும் தேடித் தொகுத்தார், மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதினார். 2013இல் தமிழ்நாட்டில், கோயம்புத்தூரில், விஷ்ணுபுரம் விருதை அவருக்குக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. எழுத ஆரம்பித்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஒரு வீடியோ போட்டு ஒரு வாரத்தில் ஐம்பது பேர்தான் பார்த்தார்கள் என்று சோர்ந்துபோய் என்னிடம் வந்து நிற்கிற பிள்ளைகள், இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குறிஞ்சித் தென்னவன் என்ற கவிஞர் எங்களிடம் இருந்தார். தோட்டத் தொழிலாளியாகவே உழைத்துக்கொண்டு கவிதை எழுதியவர். கவிதை அவருக்குப் பேர் தந்தது. கூலியை மாற்றவில்லை. அவருடைய கவிதையை மேடையில் வாசித்துக் கைதட்டிய நாம், அவர் அடுத்த நாள் காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும் என்பதை நினைத்தோமா? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் போராட்டம் நடந்தது என்று இங்கே நிற்கும் அம்மாமாருக்குத் தெரியும். 2021இல்தான் அது கைக்கு வந்தது. வருவதற்குள் அரிசி விலை எங்கேயோ போய்விட்டது. இந்த வீட்டுப் பிள்ளையிடம் "பணத்தைப் பற்றி யோசிக்காதே, ஆசையைப் பின்பற்று" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்பா அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்களைக் கனவு தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் தங்கள் கனவை விட்டுத்தான் உங்களுக்குக் கொப்பி வாங்கித் தந்திருக்கிறார்கள்.

ஆகவே பரீட்சையை விடாதீர்கள். படம் வரைகிறவனுக்குக் கணிதம் எதற்கு என்று கேட்பவனே நாளைக்குத் தான் வரைந்த படத்துக்கு விலை போடத் தெரியாமல் ஏமாறுவான். சாதாரண தரத்தில் சித்தியடையாமல் கொழும்புக் கடைகளுக்குப் பஸ் ஏறிய எத்தனையோ திறமைசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை கடையில் நிற்பவனுக்குப் பாடத் தெம்பு எங்கே இருக்கும்?

பாதைகள் இருக்கின்றன, தெரியாமல்தான் தவறவிடுகிறோம். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று உயர்தரத்தில் பாடங்கள் இருக்கின்றன. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடம் இருக்கிறது. தமிழில் படித்துப் பட்டம் எடுக்கலாம். உயர்தரப் பெறுபேற்றோடு அங்கே உங்கள் கலையையும் சோதிப்பார்கள். விண்ணப்பிக்கும் திகதியைத் தவறவிடாதீர்கள். இங்கே பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஆசிரியராகி, அந்தச் சம்பளத்தில் நின்றுகொண்டு, மாலையில் உங்கள் கலையைச் செய்யலாம். சி.வி.யும் ஜோசப்பும் போன வழி அது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு, சமையலில் கை வரும் பிள்ளைக்கு, தையலில் மனம் வைத்த பிள்ளைக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. மூன்றாம் நான்காம் மட்டத்தில் தொடங்கி, டிப்ளோமா வழியாக ஏழாம் மட்டமான பட்டம்வரை அதிலேயே ஏறலாம். உயர்தரம் சித்தியடையாதவனுக்கு வாழ்க்கை முடிந்தது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு 'நூலகம்' என்ற இணைய நூலகம் இருக்கிறது. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பதிவேற்றி வருகிறார்கள், காசு கேட்பதில்லை. கையில் போன் இருக்கிறது என்றால் மலையகத்தின் பழைய சஞ்சிகைகள் உங்கள் கையில் இருக்கின்றன.

அதே போனில் இன்னொன்றும் வரும். உன்னைப் பாடகனாக்குகிறோம், நடிகையாக்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பு என்பார்கள். முன்பணம் கேட்கிறவன் உங்கள் திறமையைப் பார்க்கவில்லை, உங்கள் அம்மாவின் சங்கிலியைப் பார்க்கிறான். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ காட்டாமல் யாருக்கும் ஒரு சதம் அனுப்ப வேண்டாம். பெண்பிள்ளைகள் படமும் அனுப்ப வேண்டாம்.

பெண்பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. நடேசய்யரைப் பற்றிச் சொன்னேன். அவருடைய மனைவி மீனாட்சியம்மாளைச் சொல்லவில்லை, வேண்டுமென்றே பிறகு வைத்தேன். பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில், அவர் தோட்டத்துக் கூட்டங்களில் தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகவே பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாத மக்களுக்குப் பாட்டுத்தான் பத்திரிகை. அவர் பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. பாட்டு என்கிற விருப்பத்தை அவர் ஒரு சமூகத்தின் குரலாக்கினார். எண்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு லயத்தில் என்ன நடக்கிறது? அண்ணன் பாடசாலை விட்டு வந்ததும் மட்டையை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போகிறான். தங்கச்சி தண்ணீர் பிடிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது. அதற்கு நேரம்தான் இல்லை. அண்ணன்மாரே, வீட்டு வேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால் உங்கள் தங்கச்சிக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அப்பாமாரே, அதற்கு நீங்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டும். சொல்லி வராது, செய்து காட்டினால் வரும்.

ஒரு மணித்தியாலம் என்று சொன்னேன். வயிற்றுப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்து வளர்ப்பது என்றால் நடைமுறையில் அவ்வளவுதான். பரீட்சைக்குப் படிக்கிற நாளிலும் அரை மணித்தியாலம் எடுக்கலாம். ஒரே நேரம், ஒரே மூலை. கொப்பியில் திகதி போட்டு அன்றைக்கு உரியதைச் செய்யுங்கள்: ஒரு கோட்டுச் சித்திரம், ஒரு பந்தி, ஒரு தாளம். நன்றாக வராத நாளிலும் திகதி போடுங்கள். மாதம் ஒரு தடவை, உங்களைப் புகழாத ஒருவரிடம் காட்டுங்கள். பிழையைச் சொல்கிறவரைத் தேடிப் போகிற பிள்ளைதான் வளரும். முரளிக்கு ஒரு சுனில் பெர்னாண்டோ கிடைத்த மாதிரி உங்களுக்கும் ஒருவர் கிடைப்பார். ஆனால் அவர் கண்ணில் படுகிற இடத்தில் நீங்கள் செய்துகொண்டு இருக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சித்திரப் பாடத்தையும் சங்கீதப் பாடத்தையும் பரீட்சை கிட்ட வந்தால் கணிதத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். பூட்டி வைத்திருக்கும் வாசிகசாலை அலுமாரியைத் திறந்து விடுங்கள். புத்தகம் கிழியும், தொலையும். கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம் என்று கணக்கில் எழுதுங்கள்.

பெற்றோரே, மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டு, கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். பிள்ளையின் பேர், தோட்டம், டிவிஷன், எந்தப் பாடசாலை, எதில் விருப்பம் என்று ஐந்து நிரல்கள் கோடு போட்டிருக்கிறது. இந்த மாவட்டத்தில் அந்தந்தத் துறை தெரிந்தவர்கள் சிலர், விடுமுறை நாட்களில் வந்து சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்தால்தான் வகுப்புகளைத் தொடங்கலாம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், மாணவர்கள் எழுதித் தருவார்கள். மகன் பேரை எழுதும்போது மகள் பேரையும் சேர்த்து எழுதுங்கள். எழுதாமல் யாரும் பஸ் ஏறாதீர்கள்.